தர்ஷினியின் தொண்டையும் நான் சேர்த்துச் சொன்ன ஆட்டுப்பாலும்

முதலில் மன்னிக்க வேணும். எனக்கு ஒழுங்காக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிக்கொண்டிருக்கும்போதே மறந்து போகிறது. எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நஸ்ரியா மிஸ்தான் போன் எடுத்தாங்க. ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்த, ஆட்களின் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற கேமரா ரூமில் இப்போது அவங்கதான் மூத்த நேர்ஸ். "லெச்சுமியக்கா, புதுசா ரெண்டு பிள்ளைங்க வேலைக்கு வந்திருக்கு. இப்ப தமிழ்ல அச்சடிச்ச தாள் இருக்கு, தமிழ் பேசுறதுக்குன்னே ஆள் இருக்கு. முன்ன எப்படிச் சமாளிச்சாங்கன்னு கேக்குதுங்க. எழுதிக் குடுங்க, எங்க புத்தகத்துல போடுவோம்" என்றாங்க. நான் மாட்டேன் என்றேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். "வாய் திறக்க வேணாம், கையால எழுதுங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாங்க.

நான்தான் ஒரு கிழமையாகச் சோறு இறங்காமல் இருந்தேன். எப்படிச் சமாளித்தேன் என்று எழுதினால், நான் செய்ததையும் எழுத வேணுமே.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தேன். சின்ன வயதிலேயே தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனேன். கல்யாணம் கட்டி மாத்தளை டவுனுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். சிங்களம் ஆஸ்பத்திரி வாட்டில் கேட்டுக் கேட்டு வந்ததுதான். பிறகு கேமரா ரூமில் டியூப் கழுவ ஆள் கேட்டார்கள். ஆட்களின் வாய்க்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய் வந்த டியூப் என்று மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். வாய் பேசத் தேவையில்லாத வேலை என்று நான் ஆசையாகப் போனேன். இருபது வருசம் அங்கேதான்.

டியூப் என்பது சுண்டுவிரல் பருமனில் கறுப்பாக இருக்கும். நுனியில் வெளிச்சமும் கேமராவும். உள்ளே நீளத்துக்கும் ஒரு துவாரம் ஓடும். ஆளின் வாயிலிருந்து எடுத்த கையோடு ஈரத்துணியால் துடைக்க வேணும், காய விட்டால் போச்சு. சோப்புத் தண்ணியை உறிஞ்ச விட வேணும். பிறகு காற்று அடைத்துத் தண்ணிக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேணும். குமிழி வந்தால் எங்கேயோ ஓட்டை. அதன் பிறகு நீளப் பிரஷ்ஷை ஒரு வாயில் விட்டு மறு வாயில் எடுக்க வேணும், பிரஷ் வெள்ளையாக வரும்வரைக்கும். மருந்துத் தண்ணியில் மணிக்கூடு பார்த்து ஊறப்போட்டு, அலசி, காயவைத்துத் தொங்கவிட வேணும். இதில் ஒன்றையும் நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கையால் செய்வதில் பிழை விடாதவள் வாயால் விட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கழுவுவதோடு, ஆள் இடப்பக்கம் சரிந்து படுத்ததும் தலைமாட்டில் நின்று தலையைப் பிடிப்பதும் என் வேலை. பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையம் கடிக்கக் கொடுத்து, கன்னத்தில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. எச்சில் வழிய வழியத் துடைக்க வேணும்.

எங்கள் பெரிய டொக்டரை நாங்கள் சேர் என்றுதான் சொல்வோம். சிங்கள ஆள், குள்ளம், மெல்லப் பேசுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். அதைக் கண்டாலே நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிப் போய்விடுவோம். டியூப் விடும்போது திரையைப் பார்த்தபடியே, "லட்சுமி, என்ன தெரியுது?" என்று கேட்பார். நேர்ஸ்மார் நிற்க, டியூப் கழுவுகிற என்னிடம்! ஆரம்பத்தில் நான் உளறுவேன். "புண்ணு போல இருக்கு சேர்" என்பேன். "புண்ணான்னு நான் முடிவு பண்றேன். நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. சிவப்பா, வெள்ளையா, குழியா, மேடா?" என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. நோயாளிக்கு எதைச் சொன்னாலும், சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பார். திருப்பிச் சொல்லாமல் கதிரையை விட்டு எழும்ப விடமாட்டார். தமிழ் ஆட்கள் வந்தால் அதற்கும் நான்தான். யாரும் என்னை அந்த வேலைக்குப் போடவில்லை. கேமரா ரூமில் அந்நேரம் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நஸ்ரியா மிஸ் பிறகு வந்தவங்க.

நான் சொல்ல வந்த தொண்டை நோயை முதன்முதலில் பார்த்தது டவுனில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்போம். கல்யாண வீட்டிலிருந்து நேராகக் கொண்டுவந்தார்கள். தாடைக்குக் கீழே ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். இறைச்சித் துண்டு நெஞ்சில் நின்றுவிட்டது. தன் எச்சிலையே விழுங்க முடியவில்லை. கூட வந்த மச்சான் வாயை மூடவில்லை.

"சஹன்ல ஆறு பேர் ஒரே தட்டைச் சுத்தி உக்காருவோம். அஞ்சு பேரும் கை கழுவிட்டு வந்தாலும் இவரு மென்னுக்கிட்டே இருப்பாரு. மாப்பிள்ளை வீட்டாக்கள் சிரிக்கிறாங்கன்னு இண்டைக்கி அவசரப்பட்டாரு. பாத்தீங்களா வேலைய!"

நானா தட்டுக்கு மேலால் அவரை முறைத்த முறைப்பை இன்றைக்கும் மறக்கவில்லை.

சேர் சின்ன வலையை டியூப் வழியாக விட்டு அந்தத் துண்டை இழுத்து எடுத்தார். முடிந்தது என்று நான் துணியை எடுத்தேன். சேர் திரும்பவும் டியூபை விட்டார். "லட்சுமி, என்ன தெரியுது?"

நான் அதுவரைக்கும் எத்தனையோ தொண்டைக் குழாயைப் பார்த்திருக்கிறேன். வழுவழுவென்று இளஞ்சிவப்பாக இருக்கும். இது அப்படியில்லை. மேலிருந்து கீழ்வரை வளையம் வளையமாக, தண்ணி பம்பின் மடிப்புக் குழாய் போல இருந்தது. நீளவாட்டில் கோடுகள், மழைத் தண்ணி ஓடின மண் பாதையைப் போல. அங்கங்கே ரவையைத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. சொன்னேன். "சரி" என்று சொல்லி, முதலை வாய் போல இருக்கிற குட்டி இடுக்கியை விட்டு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அரிசி நொய் அளவு சதை எடுத்தார். மூன்று போத்தல்.

மயக்கம் தெளிந்ததும் நானா சொன்னார். "பத்து வருஷமா ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணி குடிச்சித்தான் உள்ளுக்குத் தள்ளுறேன். எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சேன்."

பத்து வருசம்! மூன்று வேளையும் தொண்டையோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு மனிசன் கடை நடத்தி, சீலை விரித்துக் காட்டி, சிரித்திருக்கிறான்.

போத்தலைப் பரிசோதனை லெப்புக்குக் கொண்டுபோவதும் நான்தான். ரிப்போர்ட் வந்த நாளில் லெப் மெடம், "லட்சுமி, நீங்க கொண்டு வந்ததை நீங்களே பாருங்க" என்று நுணுக்குக்கண்ணாடியைக் காட்டினாங்க. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ரோசாப்பூ நிறத்தில் செங்கல் அடுக்கினது போலச் சுவர். அதற்குள் செக்கச்செவேலென்று மணிமணியாக நிரம்பின அணுக்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூக்குக்கண்ணாடி போல இரட்டைக் கரு. பத்து இருபது இல்லை, எறும்பு மொய்த்த மாதிரி. "இது எத்தனை இருக்கணும் மெடம்?" என்றேன். "தொண்டைக் குழாயில ஒண்ணுகூட இருக்கக்கூடாது" என்றாங்க. நான் கண்ணை எடுத்துவிட்டு என் தொண்டையைத் தடவிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் தடவினேன்.

அன்றைக்குச் சேரிடம் நானாகவே போய்க் கேட்டேன். நானாகப் போய்க் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சேர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார். எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.

லெப் சாயத்தில் சிவப்பாகத் தெரிந்த அந்த மணி அணுக்கள் நம் இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு சாதி. பூச்சி, புழுவோடு சண்டை போடுவதற்கென்று உடம்பு வைத்திருக்கிறதாம். அந்த மணிகளுக்குள் இருப்பது பூச்சியைச் சுடுகிற நஞ்சு. சில பேருக்குத் தொண்டைக் குழாயின் சுவர் இறுக்கமாக இல்லாமல் இடுக்கு விட்டிருக்கும். பால், கோதுமை, முட்டை போன்ற ஏதோ ஒரு சாப்பாட்டின் துணுக்கு அந்த இடுக்கில் புகுந்துவிடும். சுவர் பயந்து சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வேறொரு வகை அணுக்கள் வந்து, எதிரி வந்துவிட்டான் என்று முடிவு கட்டி, ஆள் கூப்பிடும். அவை விடுகிற செய்தியில் சுவரே மாறிப்போய், "இங்கே வா, இங்கே வா" என்று சிவப்பு மணி அணுக்களைத் தானே இழுக்கும். அவை வந்து நஞ்சைக் கொட்டும். பூச்சி இல்லை. வெந்துபோவது நம் சுவர்தான். சாப்பிடச் சாப்பிட இதே கதை. வருசக்கணக்கில் சுவர் தடித்து, தழும்பு விழுந்து, விரிய மாட்டாமல் ஒடுங்கிப் போகும்.

"நோய் எதிர்ப்புச் சக்தி கூடினா நல்லதுதானே சேர்? எல்லாரும் கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கிறாங்களே" என்றேன்.

சேர் சிரித்தார். "சக்தி இருக்கிறது பெரிசில்லை லட்சுமி. யாரை அடிக்கிறதுன்னு தெரியணும்."

இன்னும் ஒன்று சொன்னார். இது இறால் தின்றதும் உடம்பு தடிக்கிற சாதி ஒவ்வாமை இல்லை. உடனே காட்டாது. மெல்ல மெல்ல, நாள் கழித்து வேலை செய்யும். அதனால் எந்தச் சாப்பாடு என்று ஆளுக்கும் தெரியாது, தோலில் குத்திப் பார்த்தாலும் சரியாகப் பிடிபடாது. சாப்பாட்டை நிறுத்தி, திரும்ப டியூப் விட்டு, சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நிறுத்தினது சரியான சாப்பாடு என்றால் அந்த அணுக்கள் தானாகப் போய்விடும்.

நானாவுக்கு அமிலம் குறைக்கிற குளிசை மாத்திரையிலேயே நோய் அடங்கிவிட்டது. சில பேருக்கு அப்படிக் கேட்குமாம். பிறகு அவர் கடைக்குப் போனால் எனக்குக் கதிரை போடுவார்.

தர்ஷினிக்கு அந்தக் குளிசை கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் பேரை மாற்றித்தான் எழுதுகிறேன், தாயின் பேரையும்.

பதின்மூன்று வயது. பார்த்தால் ஒன்பது என்பீர்கள். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம்தான், நான் பிறந்ததற்கு அடுத்த டிவிசன். தாய் கமலா கொழுந்து எடுக்கிறவள். பிள்ளை ஒரு ரொட்டியை ஒரு மணித்தியாலம் தின்னும், பாதியில் ஓடிப்போய் வாந்தி எடுக்கும். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டை ஒளித்து வைத்து நாய்க்குப் போடும்.

"லயத்து வீடுகள்ல எல்லாரும் பேய் புடிச்சிருக்குன்னாங்க அக்கா. கோயில்ல கயிறு கட்டினோம்" என்றாள் கமலா.

"பேய் இல்ல அக்கா, ரொட்டிதான் நிக்குது" என்றது பிள்ளை, தாயைப் பார்க்காமல். அப்படி வாயுள்ள பிள்ளை.

டியூப் விட்டோம். அதே வளையம், அதே கோடு. அதே சிவப்பு அணுக்கள். சேர் முதலில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார், தோட்டத்துப் பிள்ளை என்பதால். பிறகு அமிலக் குளிசை. எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாசம். ஒன்றும் குறையவில்லை. மூச்சிழுப்புக்கு அடிக்கிற பம்பு மருந்தை உள்ளுக்கு இழுக்காமல் முழுங்கக் கொடுக்கிற வழி ஒன்றும் இருக்கிறதாம். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் அது, கிடைக்கவில்லை. கடைசியில் சேர் கமலாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து என்னைச் சொல்லச் சொன்னார்.

"அடுத்த எட்டுக் கிழமைக்குப் பால் கிடையாது. பால்மா, தயிர், பட்டர், பால் போட்ட எதுவும் கிடையாது. கோதுமை மாவில் செய்த எதுவும் கிடையாது."

நான் சொன்னேன். கமலா அழத் தொடங்கிவிட்டாள். "ரொட்டி இல்லாட்டி குரக்கன் மாவுல சுட்டுக் குடுப்பேன். பாலும் இல்லாம இந்த எலும்புக்கூட்டை எப்படி அக்கா நான் வளர்க்கிறது?"

இந்த இடத்தில்தான் நான் செய்தேன்.

எனக்கு மனசு தாங்கவில்லை. என் மகன் சின்னதில் இழுப்பில் கிடந்தபோது ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்துத்தான் தேற்றினேன். நம் ஆட்களுக்கு அது பால் இல்லை, மருந்து. "அழாத தங்கச்சி. அவர் சொல்றது மாட்டுப்பாலை. ஆட்டுப்பால் ஒண்ணும் செய்யாது. ரெண்டு வேளை காய்ச்சிக் குடு, பிள்ளை தேறிடும்" என்றேன். சேர் அப்படிச் சொல்லவேயில்லை. மாடு என்றும் சொல்லவில்லை, ஆடு என்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

கமலா முகம் தெளிந்தது. "பல்லேபொலயில அண்ணன் ஆடு வச்சிருக்கு. ஒண்ணைக் கேட்டு வாங்கிக்கிறேன்" என்றாள்.

"என்ன பேசுறீங்க?" என்றார் சேர்.

"ஆறுதல் சொல்றேன் சேர்."

"சரி. நான் சொன்னதை அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க."

கமலா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தாள். பால் இல்லை, பால்மா இல்லை, பாண் இல்லை, ரொட்டி இல்லை, பிஸ்கட் இல்லை, ஆட்டுப்பால் இரண்டு வேளை. நான் சிங்களத்தில் சொன்னேன், பால் இல்லை, பால்மா இல்லை, பாண் இல்லை, ரொட்டி இல்லை, பிஸ்கட் இல்லை. கடைசியைச் சொல்லவில்லை. மறைக்க வேணும் என்று இல்லை, கடவுள் சாட்சி. அது நாங்கள் இரண்டு பொம்பிளைகள் எங்களுக்குள் பேசிக்கொண்ட விசயம், டொக்டருக்கு எதற்கு என்று நினைத்தேன். சேர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

இடையில் ஒருநாள் நிறை பார்க்க வந்தார்கள். கூடவில்லை, குறைந்திருந்தது. பிள்ளை என் கையைப் பிடித்து, "அக்கா, ஆட்டுப்பால் குடிச்சா தொண்டை பூட்டிக்குது" என்றது. "வாடைக்கு அப்படித்தான் இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டு, மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடி" என்றேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. நான் அதோடு டியூப் கழுவப் போய்விட்டேன்.

எட்டுக் கிழமை முடிந்து இரண்டாவது தடவை டியூப் விட்டபோது, நடுவில் ஒரு இடத்தில் டியூப் போகவில்லை. சேர் மெல்லிய டியூபைக் கேட்டு வாங்கி விட்டார். "லட்சுமி, என்ன தெரியுது?" "ஒடுங்கியிருக்கு சேர்." லெப்பில் சிவப்பு அணு எண்ணிக்கை முந்தினதைவிடக் கூடியிருந்தது.

அடுத்த கிளினிக்கில் கமலாவை உட்கார வைத்தார். "வீட்டில பால் குடுத்தீங்களா?"

"இல்லைங்க சாமி, சத்தியமா இல்லை."

"பாண்? கடையில பனிஸ், பிஸ்கட்?"

"பிள்ளை மேல ஆணையா இல்லை."

அப்போது வாட்டிலிருந்து வந்து நின்ற ஒரு மிஸ் சிங்களத்தில், "இவங்க அப்படித்தான் சேர். குடுத்திட்டு இல்லைம்பாங்க" என்றாங்க. சேர் கடிதத் தாளை இழுத்தார். பிள்ளையைக் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும், மூக்கு வழியாக டியூப் போட்டு, இந்தச் சாப்பாடு எதுவுமே கலக்காத மாவைக் கரைத்து மாதக்கணக்கில் விட வேணும், பிறகு ஒடுங்கின இடத்தைப் பலூன் வைத்து விரிக்க வேணும், விரிக்கும்போது கிழியவும் கூடும் என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிழியவும் கூடும் என்பதைச் சொல்லும்போது பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

கமலா என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரியேதானே செஞ்சேன்? ஆட்டுப்பால் ஒரு வேளைகூடத் தவறாமக் குடுத்தேனே. அதுகூட இந்தப் பிள்ளைக்குப் பத்தலையா?"

ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது எனக்கு. தெரியாதது மாதிரி நின்றேன்.

"என்ன சொல்றாங்க?" என்றார் சேர்.

"ஒண்ணுமில்ல சேர். அழுறாங்க."

ஆமாம். அப்படித்தான் சொன்னேன்.

கடிதத்தை மறுநாள் வந்து எடுக்கச் சேர் சொல்ல, கமலா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கழுவுகிற அறைக்குப் போனேன். பூட்ஸ் போட்டு, ரப்பர் ஏப்ரன் கட்டி, டியூபைத் தொட்டியில் போட்டு, காற்று அடைத்துத் தண்ணிக்குள் அமுக்கினேன். கை அமுக்கிக்கொண்டே இருந்தது, கண் எதையும் பார்க்கவில்லை. "தொண்டை பூட்டிக்குது" என்று அந்தப் பிள்ளை சொன்னதுதான் கேட்டது. பிள்ளை பார்த்ததைச் சொன்னது. நான் நினைத்ததைச் சொன்னேன்.

தொட்டியில் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். சேர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சேர், ஆட்டுப்பாலும் பாலா?"

நிமிராமலே, "ஆமா. மாடு, ஆடு, எருமை எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்த அணுக்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஏன்?" என்றார்.

"அந்தப் பிள்ளை ரெண்டு வேளை குடிக்குது சேர்."

பேனா நின்றது. "யார் குடுக்கச் சொன்னது?"

"நான்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, ஏதாவது பேசட்டும் என்று இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், திருப்பிச் சொன்னபோது கடைசியை விட்டதையும், சற்று முன்னால் அழுகிறார்கள் என்று சொன்னதையும்.

"அவங்க திருப்பிச் சொன்னாங்கன்னு நினைச்சேன்" என்றார் கடைசியில். "நீங்க சொன்னதைத்தான் நான் கேட்டிருக்கேன். அது என் பிழை. ஆனா அந்த அம்மா இப்ப பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டுப் போறாங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. நான் சொன்னது எது, நீங்க சேர்த்தது எது, பிரிச்சு அவங்களுக்குச் சொல்லுங்க. என் முன்னால."

போட்ட பூட்ஸோடு, ஏப்ரனோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். இரத்தோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர், "என்னம்மா, மீன் கடையில இருந்தா வர்றீங்க? மிதிபலகையில தண்ணி சொட்டுது" என்றான். முன்னால் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உள்ளே ஏறி, முப்பது பேருக்கு முன்னால், "கமலா, இறங்கு! நான்தான் பிழை செஞ்சிட்டேன், இறங்கு!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சேருக்கு முன்னால் நின்று பிரித்துச் சொன்னேன். இது அவர் சொன்னது, இது நான் சொன்னது. கமலா நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. ஏசவில்லை.

பிள்ளைதான் பேசியது. "நான் அப்பவே சொன்னேன்தானே அக்கா?"



கமலா எழும்பி, பிள்ளையின் சட்டையைச் சரிசெய்து, "இனி எது எது குடுக்க வேணாம்னு எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள். "பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்டக் குடுத்து வாசிச்சுக்கிறேன்." அதை மட்டும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். சேர் கண்டிக் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. இன்னும் எட்டுக் கிழமை பார்ப்போம், அதற்குள் நிறை இன்னும் இறங்கினால் அனுப்பத்தான் வேணும் என்றார்.

அந்த எட்டுக் கிழமையும் நான் பட்டதை எழுத வேணாம். அது என் பாடு.

மூன்றாவது தடவை வந்தபோது நஸ்ரியா மிஸ் எங்கள் ரூமுக்கு மாறி வந்திருந்தாங்க. நான் தட்டும் துணியும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். கமலா சொல்வது கேட்டது. "பேச்சுக்கு நீங்க இருங்க மிஸ். அந்த அக்கா வேணாம்."

சரிதானே. நான் தட்டை வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினேன்.

"தலையப் புடிக்க அவங்களே நிக்கட்டும். பிள்ளை அந்தக் கையைத்தான் கேக்குது."

உள்ளே போனேன். பிள்ளை இடப்பக்கம் சரிந்து படுத்தது. வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, கன்னத்தில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. சேர் டியூபை விட்டார். ஒடுங்கின இடத்தில் டியூப் கொஞ்சம் தயங்கி, உள்ளே போனது.

"லட்சுமி, என்ன தெரியுது?"

திரை எனக்குக் கலங்கித் தெரிந்தது. துடைக்கக் கை இல்லை. "எனக்குத் தெரியல்ல சேர். நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"கோடு இல்லை, புள்ளி இல்லை. வளையம் கொஞ்சம் இருக்கு. அது தழும்பு, அது இருக்கும்" என்றார். நஸ்ரியா மிஸ் அதைக் கதவருகில் நின்ற கமலாவுக்கு அப்படியே தமிழில் சொன்னாங்க. லெப் மெடம் மூன்று போத்தல் சதையையும் தேடித் தேடி இரண்டே இரண்டு சிவப்பு அணு கண்டுபிடித்தாங்க.

பிறகு கோதுமையைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் செய்யவில்லை. பால்தான். கண்டிக்குப் போக வேண்டி வரவில்லை. பிள்ளை ரொட்டி தின்கிறது, பள்ளிக்கூடம் போகிறது. ஆட்டை அண்ணனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கமலா இன்றுவரைக்கும் என்னோடு பேசவில்லை. டவுனில் கண்டால் தலையை மட்டும் அசைப்பாள். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு அந்தப் பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தாய் ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு வெளியே நின்றாள்.

நஸ்ரியா மிஸ், இதை அச்சுக்குக் கொடுக்க முதல் சேரிடம் ஒருக்கா காட்டுங்கள். அணுவைப் பற்றியும் சுவரைப் பற்றியும் எழுதினதில், அவர் சொல்லாமல் நான் சேர்த்தது ஏதும் இருந்தால் வெட்டிவிடச் சொல்லுங்கள். கிழமைக் கணக்கு சரியா என்று கிளினிக் பதிவுக் கொப்பியைப் பாருங்கள். கமலாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், விடாமல், கடைசி வரைக்கும். அவள் வேணாம் என்றால் போட வேணாம்.